அப்புறம் என்ன ஆச்சு? முடிச்சை அவிழ்க்காமல் முடிகிற கதைகளைப் படிப்பது எப்படி

"கதை முடிஞ்சுச்சு, கத்திரிக்கா காச்சுச்சு" என்று சொல்லி முடித்தால்தான் நம் ஊர்ப் பக்கம் கதை முடிந்ததாகக் கணக்கு. பழைய படம் என்றால் திரையில் 'சுபம்' என்று எழுத்து வர வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கிற வள்ளி திருமணம் நாடகத்தில், வள்ளியும் நாரதரும் விடிய விடிய தர்க்கம் பண்ணிக்கொள்ளலாம், பபூன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், ஆனால் கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம் நடந்தாக வேண்டும், நடக்காமல் திரையை இழுத்துவிட்டால் விழாக் கமிட்டிக்காரர்கள் பாக்கிப் பணத்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள்.

இப்படிக் கேட்டு வளர்ந்தவர் கையில் ஒரு நவீனச் சிறுகதையைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆர்வமாகப் படித்துக்கொண்டே போவார். கடைசிப் பத்தி வரும். தொலைந்துபோன மகன் கிடைத்தானா, அவள் அந்தக் கடிதத்தைப் பிரித்தாளா, எதுவும் தெரியாது. யாரோ ஜன்னலைத் திறப்பார்கள், அவ்வளவுதான். பக்கம் கிழிந்துவிட்டதா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். அப்புறம் கோபம் வரும். "முடிக்கத் தெரியாம விட்டுட்டான்யா."

அந்தக் கோபம் சில சமயம் நியாயம், சில சமயம் அவசரம். எப்போது எது என்று பார்க்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஒன்றோடொன்று கலந்துபோகிற நாலைந்து சமாச்சாரங்களைப் பிரித்துவிடலாம். எழுதுகிறவரே இறந்துபோய்க் கதை பாதியில் நிற்பது ஒன்று. சார்லஸ் டிக்கன்ஸ் தன் கடைசி நாவலைப் பன்னிரண்டு பகுதிகளாக எழுதத் திட்டம் போட்டு, ஆறு பகுதி முடித்த நிலையில் 1870ல் போய்ச் சேர்ந்தார். எட்வின் ட்ரூட் என்கிற இளைஞன் என்ன ஆனான் என்று இன்றுவரை ஆட்கள் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார்கள். அது முழுக்க விபத்து, அதில் கலை நோக்கம் எதுவும் கிடையாது. ரேட்டிங் விழுந்ததால் சேனல்காரர்கள் திடீரென்று நிறுத்திவிட்ட சீரியலும் அப்படித்தான், அங்கே கடைசி வாரத்தில் ஆறு பேருக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்து ஏழாவது ஆளை மறந்துவிடுவார்கள். மறதி என்பது தனி வியாதி: முதல் பாதியில் கத்தியோடு வெளியே போன தம்பி, இரண்டாம் பாதியில் ஆளே இல்லை, வீட்டில் ஒருத்தரும் அவனைத் தேடவும் இல்லை. இதைத் திறந்த முடிவு என்று சொல்லி ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. அடுத்த பாகத்துக்கு இப்போதே ஆளைப் பிடிக்க முக்கியமான இடத்தில் வெட்டி 'தொடரும்' போடுவதும் திறந்த முடிவு ஆகாது, அங்கே பதில் தயாராக இருக்கிறது, டிக்கெட் விலைதான் பாக்கி.

இதெல்லாம் கழித்து மிச்சம் இருப்பதுதான் நம் விஷயம். எழுதியவருக்கு முடிக்கத் தெரியும், நேரமும் இருந்தது, எதையும் மறக்கவும் இல்லை. இருந்தும் ஒரு முடிச்சை வேண்டுமென்றே அவிழ்க்காமல் வைத்துவிட்டுப் போகிறார். இதைத் திறந்த முடிவு என்பார்கள்.

ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? தத்துவமாகப் பேசினால் தலை சுற்றும், ஒரு கதையையே கட்டிப் பார்க்கலாம்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஓர் அக்கா, ஒரு தம்பி. அப்பா இறந்த பிறகு நிலத்தைப் பாகம் பிரித்ததில் கிணற்றுப் பங்கில் தகராறு வந்து வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. "இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அக்கா ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் மகளுக்குக் காதுகுத்து, குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது முறை. பத்திரிகையில் தாய்மாமன் இடத்தில் தம்பி பெயரைப் போட்டிருக்கிறாள், ஆனால் தானே போய்க் கொடுக்கவில்லை, பங்காளி ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு மொட்டை போட்டாகிவிட்டது. கிடா வெட்டிக் கறி அடுப்பில் கொதிக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஒன்னுவிட்ட மாமன் நிக்கிறான்ல, அவன் மடியில தூக்கி வைங்கப்பா, நேரம் போகுது" என்று புருஷன் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் சத்தம் போடுகிறார். அக்கா ஆசாரியைப் பார்த்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்கிறாள். பாதை முனையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்கிறது.

இங்கே நிறுத்திவிட்டேன்.

தம்பி சீர்த்தட்டோடு வந்து இறங்கினான், அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள் என்றும் முடிக்கலாம். கண்ணீர் வரும், மனசு நிறையும், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மறந்தும்விடும். வந்தது பால் வண்டி, ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள் என்றும் முடிக்கலாம். அதுவும் ஒரு முடிவுதான், கொஞ்சம் கசக்கும். நான் நிறுத்திய இடத்தில் தம்பி வந்தானா இல்லையா என்பது மட்டும் தெரியாது. ஆனால் கவனித்துப் பாருங்கள், இன்னொன்று தெரிந்துபோய்விட்டது. ஊர் முன்னால் 'முழிக்க மாட்டேன்' என்று சொன்னவள், அதே ஊர் முன்னால் 'பொறுங்க' என்று சொல்லிவிட்டாள். வந்தாலும் வராவிட்டாலும் அவள் பழைய ஆள் இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒரு கதையில் இரண்டு விஷயம் ஓடுகிறது. ஒன்று, சம்பவத்தின் முடிச்சு: தம்பி வருவானா? இன்னொன்று, கதை அடியில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி: அக்கா இறங்கி வருவாளா? நல்ல திறந்த முடிவில் முதலாவது தொங்கும், இரண்டாவது முடிந்திருக்கும். சம்பவத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் நம் கண் தம்பியை விட்டு அக்காவின் மேல் நிற்கிறது, அவன் வந்து இறங்கியிருந்தால் எல்லாரும் சீர்த்தட்டை எண்ணப் போயிருப்போம்.

இதே கதையைப் பத்திரிகை அச்சடித்த இடத்தில் வெட்டியிருந்தால்? அங்கே எதுவும் தீர்மானமாகவில்லை, முடிச்சும் தொங்குகிறது, கேள்வியும் தொங்குகிறது. அப்போது நீங்கள் புத்தகத்தைத் தூக்கி எறியலாம், நானும் கூட வருகிறேன். இன்னொன்றையும் பாருங்கள், தம்பி வந்து கட்டிக்கொள்கிற சுபமான முடிவில் கூட அந்தக் கிணற்றுப் பங்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மோட்டார் போடும்போது மறுபடி சண்டை வரலாம். ஆக எல்லா முடிச்சையும் அவிழ்த்த கதை என்று ஒன்று கிடையாது, எதை அவிழ்ப்பது எதை விடுவது என்கிற தேர்வுதான் இருக்கிறது. சுப முடிவில் அது நம் கண்ணில் படுவதில்லை.

ருஷ்ய எழுத்தாளர் செகாவ் 1888ல் ஒரு கடிதத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்: பிரச்சினையைத் தீர்ப்பது வேறு, பிரச்சினையைச் சரியாக முன்வைப்பது வேறு, கலைஞனுக்குக் கடமை இரண்டாவதுதான். அவர் மருத்துவரும் கூட, நோயைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்வதற்கே எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

ருஷ்யா வரைக்கும் போக வேண்டாம் என்றால் சித்திரை மாசம் மதுரைத் தல்லாகுளத்தில் வந்து நில்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்குக் கோயில் சொல்லுகிற காரணம் மண்டூக முனிவரின் சாப விமோசனம். ஆனால் ஜனங்கள் சொல்லுகிற கதை வேறு: தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர்மலையிலிருந்து சீரோடு அண்ணன் கிளம்பி வருகிறார், வழியெல்லாம் மண்டகப்படி, வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. பவளக்கனிவாய்ப் பெருமாள் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்து தாரை வார்த்துக் கொடுத்தாயிற்று. சேதி கேட்ட அண்ணன் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வைகையில் இறங்கி வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார், அப்படியே மலைக்குத் திரும்பிவிடுகிறார். அண்ணனும் தங்கச்சியும் சமாதானம் ஆனார்களா? கோபத்தில் திரும்பிப் போன அண்ணனைப் பற்றி மீனாட்சி என்ன நினைத்தாள்? கதையில் இல்லை. அடுத்த வருஷமும் அவர் கிளம்புவார், அடுத்த வருஷமும் தாமதம்தான். வருஷா வருஷம் லட்சக்கணக்கான பேர் கூடுகிற கதை, முடிச்சே அவிழாத கதை, ஒருத்தராவது "என்னய்யா முடிவே இல்லையே" என்று கேட்டிருப்பாரா? வைகைக் கரையில் ஏற்றுக்கொள்கிற ஒன்றை அச்சுக் காகிதத்தில் ஏற்றுக்கொள்ள ஏன் முடியவில்லை என்று யோசித்தால், அண்ணன் சீரோடு கிளம்பினார் என்பதே அந்தக் கதையின் ஆதாரமான விஷயம், போய்ச் சேர்ந்தாரா என்பது இரண்டாம்பட்சம் என்று தோன்றுகிறது.

இலக்கியத்திலும் நமக்கு இது புதுசு இல்லை, ரொம்பப் பழசு. சங்க அகப்பாட்டு என்பதே ஒரு கணத்தில் ஒருத்தர் பேசுகிற பேச்சு. முன்கதை கிடையாது, பின்கதை கிடையாது, ஆட்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. குறுந்தொகையில் கபிலரின் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "யாரும் இல்லை, தானே கள்வன், தானது பொய்ப்பின் யான் எவன் செய்கோ" என்கிறாள் ஒருத்தி. அவன் அவளைச் சேர்ந்த அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவனே பொய் சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வாள்? தினைத்தாள் மாதிரி மெல்லிசான பசிய கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. ஐந்தே அடி. அவன் வந்து மணந்தானா? தெரியாது. ஆனால் அவள் நிலைமை முழுசாகத் தெரிந்துவிட்டது: இருந்த ஒரே சாட்சி ஒரு பறவை, அதற்கும் கண் மீன் மேல்தான். இதற்குப் பிறகு 'அவன் வந்தான்' என்று ஒரு ஆறாம் அடி சேர்த்தால் அந்தக் குருகு வெறும் குருகாகிவிடும்.

நீளமான பாட்டிலும் இதைச் செய்திருக்கிறார்கள். மதுரை நக்கீரரின் நெடுநல்வாடை, 188 அடி. வாடைக் காற்று வீசுகிற மழைக்கால ராத்திரி. அரண்மனையில் யானைத் தந்தத்தால் கால் செய்த கட்டிலில் அரசி தூங்காமல் கிடக்கிறாள். மேலே விதானத்தில் சந்திரனை விட்டுப் பிரியாத உரோகிணியை எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கூட இருப்பவர்கள் எது சொல்லித் தேற்றினாலும் ஆறவில்லை. போர் சீக்கிரம் முடியட்டும் என்று கொற்றவையிடம் வேண்டுதல். உடனே பாட்டு பாசறைக்குத் தாவுகிறது. அங்கே நடுச்சாமத்திலும் அரசன் படுக்கவில்லை. ஒரு சிலரோடு, சேற்றுத் தெருவில், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். சேணம் அவிழ்க்காத குதிரைகள் மேலே விழுந்த மழைத்துளியை உதறுகின்றன. பாட்டு முடிந்தது! போர் முடிந்ததா, வேண்டுதல் பலித்ததா, அவன் வீடு திரும்பினானா, ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் இரண்டு பேர் தூங்கவில்லை, அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நக்கீரர் எழுந்து போய்விட்டார். அந்த அரசன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்றுதான் உரைகாரர்கள் சொல்கிறார்கள், போரில் ஜெயித்தவன் என்று அவன் பெயரிலேயே இருக்கிறது. அதாவது முடிவு கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு உண்டு. தெரிந்த முடிவையும் பாட்டுக்குள் விடவில்லை. எனக்குத் தமிழில் இதைவிடப் பிடித்த முடிவு இன்னும் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் மதுரையிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரம் முடிச்சுகளைச் சும்மா விடாது. பாண்டியன் அரியணையிலேயே உயிரை விடுகிறான், ஊர் எரிகிறது, கண்ணகி மேற்கு வாசல் வழியாகத் தனியாக வெளியேறுகிறாள், பதினாலாம் நாள் கோவலன் வானூர்தியில் வந்து அழைத்துப் போகிறான், சேரன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுக்கிறான். மாதவி கதையின் மிச்சம் மணிமேகலையில் தொடரும் என்பதுகூடக் காப்பியத்தின் முடிவிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த திருட்டுக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்த செய்தியும் வருகிறது. கணக்கு முழுசாகத் தீர்க்கப்பட்டது என்று சொல்லலாம்தான். எனக்கென்னவோ அந்தக் கடைசி இடத்தில் கொஞ்சம் தீராமலே விட்டிருக்கலாமே என்று இருக்கும்.

வாசகர்கள் விடமாட்டார்கள் என்பதும் உண்மை. கல்கி 1950லிருந்து 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது நேராகச் சொல்லப்படவே இல்லை. பாண்டிய ஆபத்துதவிகள், அதாவது பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்தவர்கள், சுற்றி நிற்கிறார்கள், விளக்கு அணைகிறது, யார் கை என்று தெரியாது. நிஜத்தில் உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று பெயர்களைச் சொல்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் வேறு யாராவது இருந்தார்களா என்று இன்றுவரை வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. நாவல் முடிந்ததும் அவர் என்ன ஆனார் இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் நச்சரித்து, கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது. முடிவுரையைப் படித்த எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறது? கொலையை யார் செய்தது என்ற சண்டை மட்டும் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அம்புலிமாமாவில் வேதாளம் கதை படித்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை தெரிந்திருக்கும். ஒவ்வொரு கதையையும் முடிச்சோடு நிறுத்திவிட்டு வேதாளம் கேள்வி கேட்கும். விக்கிரமாதித்தன் சரியான பதிலைச் சொன்ன அடுத்த நொடி அது முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். பழைய வேதாளக் கதைத் தொகுப்பில் கடைசிக் கேள்விக்கு, அப்பாவும் மகனும் முறை மாறி மகளையும் தாயையும் கட்டிக்கொண்டால் பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்ற கேள்விக்கு, ராஜாவால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறக்காமல் நடக்கிறார். அங்கேதான் சங்கிலி அறுந்து மொத்தக் கதையும் முடிவுக்கு வருகிறது. பதில் கிடைத்தவரை ஓடிக்கொண்டிருந்தது, கிடைக்காதபோது முடிந்தது!

சரி, எல்லாக் கதையையும் இப்படி விட்டுவிடலாமா? கூடாது. துப்பறியும் கதையில் 'கொலை செய்தது யார்' என்பதுதான் முடிச்சு, கேள்வியும் அதேதான், இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அங்கே கொலைகாரனைச் சொல்லாமல் விட்டால் அது வாங்கிய காசுக்குத் துரோகம். இதை மீறி நன்றாக எழுதியவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கதையின் நடுவிலேயே கேள்வியை மெதுவாக மாற்றிவிட்டிருப்பார்கள்: கொன்றது யார் என்பதிலிருந்து, இந்த ஊர் ஏன் கண்டுபிடிக்க விரும்பவில்லை என்பதற்கு. புதிதாக எழுதுகிறவர்கள் செய்கிற தப்பு பெரும்பாலும் இங்கேதான். முடிவு தோன்றாத இடத்தில் ஒரு காகத்தைக் கத்தவிட்டு, ஒரு கதவைச் சாத்தவிட்டு, கதையை இறக்கிவைத்துவிடுகிறார்கள். கேட்டால் வாசகர் யோசிக்கட்டும் என்பார்கள். யோசிக்கிறதற்கு வாசகர் கையில் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? அக்கா கதையில் தம்பி வருவதற்கும் காரணம் இருக்கிறது, வராமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது, பத்திரிகையில் பெயர் போட்டதும் உண்மை, தானே போய்க் கொடுக்காததும் உண்மை. இரண்டு பக்கமும் எடை இருந்தால்தான் தராசு ஆடும். வந்தது வேற்றுக்கிரகவாசி என்று நீங்கள் முடிக்க முடியாது, கதை அந்த வழியை அடைத்துவைத்திருக்கிறது. திறந்த முடிவு என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வழிதான் திறந்திருக்கும்.

அதனால் அடுத்த முறை ஒரு கதை உங்களைத் தொங்கவிட்டால், திட்டுவதற்கு முன் முதல் பக்கத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அங்கே இருந்த ஆள் கடைசிப் பக்கத்தில் மாறியிருக்கிறாரா? ஆள் மாறவில்லை என்றால், அந்த ஆளைப் பற்றி உங்களுக்கு இருந்த எண்ணமாவது மாறியிருக்கிறதா? இரண்டும் இல்லை, சம்பவமும் முடியவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம். கடைசி வாக்கியம் யாரைப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள், கதை யாருடையது என்று அது சொல்லிவிடும். அக்கா கதையில் வண்டிச் சத்தத்துக்குப் பதிலாக ஆசாரி ஊசியைத் துணியில் துடைத்தார் என்று முடித்திருந்தால் அது பொறுமை பற்றிய வேறு கதை.

பழகிக்கொள்வதற்குப் பெரிய நாவல் வேண்டாம், குறுந்தொகை போதும். உரையோடு உள்ள பதிப்பாக எடுங்கள், 1937ல் உ.வே.சா. உரை எழுதிப் பதிப்பித்தது இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது, மதுரைக்காரர்கள் நத்தம் ரோட்டு நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். பாட்டோடு 'தோழி கூற்று', 'தலைவி கூற்று' என்று ஒரு குறிப்பு இருக்கும். முதல் தடவை அதைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டை மட்டும் படியுங்கள். பேசுவது யார், யாரிடம், இதற்கு முன் என்ன நடந்திருக்கும், இதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று உங்கள் போக்கில் ஒரு கதை கட்டுங்கள். அப்புறம் கையை எடுத்துக் குறிப்பைப் பாருங்கள். பல பாட்டில் நீங்கள் கட்டியது வேறாக இருக்கும். அப்படி இருந்தால் உரைகாரர் சொல்வதை உடனே ஒப்புக்கொள்ளாமல், உங்கள் கதைக்கு எந்தச் சொல் இடம் கொடுத்தது என்று பாட்டுக்குள் தேடுங்கள். ஒரு சொல்லும் கிடைக்கவில்லை என்றால் உரைகாரர் பக்கம் போய்விடலாம்.